பதினோராம் பிரிவு: பாரிஸில் எழுதிய சமாதானமும் காவிரிப் படுகையும்

நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் போகிறவர், நாகூரைத் தாண்டிய சில நிமிடங்களில் வாஞ்சூர் சோதனைச்சாவடியைக் கடக்கிறார். வயலின் நிறம் மாறுவதில்லை; வாய்க்காலில் ஓடுவதும் அதே காவிரித் தண்ணீர்தான். ஆனால் காவலரின் தலையில் சிவப்புத் தொப்பி ஏறிவிடுகிறது, சாலையோரத்தில் மதுக்கடைகள் வரிசை கட்டுகின்றன, பெட்ரோல் விலை வேறாகிவிடுகிறது. மொழியோ மண்ணோ உறவுமுறையோ மாறாத இடத்தில் ஓர் எல்லை நிற்கிறது என்றால் அதை வேறெங்கோ உட்கார்ந்து யாரோ எழுதியிருக்க வேண்டும். வாஞ்சூர் எல்லையை எழுதியவர்கள் பிரிட்டனும் பிரான்சும். போரிட்டுக் களைத்துப்போய் 1763, 1783, 1814 ஆகிய ஆண்டுகளில் அவ்விரு அரசுகளும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கைகளின் எச்சமே அது.

அவற்றுள் முதலாவதான, 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது காவிரிப் படுகையில் எவ்வாறு வேலை செய்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் இந்த உடன்படிக்கையை ‘பிரெஞ்சு ஆதிக்கம் ஒழிந்தது’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஒழிந்த ஆதிக்கத்துக்கு எதற்காகக் காரைக்காலைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆசிரியருக்கு அந்த ஒரு வரி போதாது. வென்றவர் திருப்பிக் கொடுத்தார் என்பது உண்மை. கொடுத்த நிலத்தைக் காட்டிலும் அந்த நிலத்தின்மேல் ஏற்றிய நிபந்தனைகளே இரு தரப்பின் பலத்தையும் நிறுத்திவைத்தன என்பதும், அதற்குத் தராசில் வைத்த படிக்கல் பெரும்பாலும் கையெழுத்திடாத மூன்றாமவருடைய சொத்து என்பதும் என் வாதம்.

முன்கதை

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த விதமே சமாதானமானதன்று. 1738-இல் அரியணைப் போட்டியில் சிக்கியிருந்த தஞ்சை மராட்டிய அரசர் பிரெஞ்சு உதவியை எதிர்பார்த்துக் காரைக்காலைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அரியணை கைக்கு வந்ததும் பேச்சை மாற்றினார். 1739 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாகிப்பின் படைத்துணையுடன் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் பட்டத்துக்கு வந்த பிரதாப் சிங், நடந்து முடிந்துவிட்டதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த பத்தாண்டுகளில் பிரெஞ்சுக்காரர் 1746-இல் மதராஸைப் பிடித்தனர். 1748-ஆம் ஆண்டு எக்ஸ்-லா-ஷாப்பேல் உடன்படிக்கையில், வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சுக்குக் கொடுத்துப் பிரிட்டன் மதராஸைத் திரும்பப் பெற்றது. கடலுக்கு அப்பால் இருந்த ஒரு பனிப்பிரதேசக் கோட்டையும் சோழமண்டலக் கரையில் இருந்த ஒரு கோட்டையும் ஒரே தராசில் ஏறின. இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று பறித்தவற்றை மாற்றிக்கொண்டதால் அது ஓரளவு நேரான பேரம்.

1749-இல் நிலைமை வேறாயிற்று. ஐரோப்பாவில் இரு அரசுகளுக்கும் சமாதானம். இங்கே இரு நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிகளும் உள்நாட்டு அரசர்களின் சண்டைகளில் ஆளுக்கொரு பக்கம் புகுந்தன. முதலில் புகுந்தது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். காரைக்காலைத் தர ஒப்புக்கொண்டு பின்னர் அரியணை இழந்திருந்த அந்த முன்னாள் தஞ்சை அரசரை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கிளம்பிய ஆங்கிலேயர், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலுள்ள தேவிக்கோட்டையைப் பிடித்தனர். பின்னர் பிரதாப் சிங்குடனேயே சமரசம் செய்துகொண்டு தேவிக்கோட்டையைத் தம்மிடம் வைத்துக்கொண்டனர். ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டபின் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் தஞ்சையை வந்து முற்றுகையிட்டன. ஆண்டின் கடைசியில் பிரதாப் சிங் 70 லட்சம் ரூபாய் தரவும், காரைக்காலைச் சூழ்ந்த 81 கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு விடவும் இசைந்தார். பணத்தில் பெரும்பகுதி கட்டப்படவில்லை. பாக்கி 56 லட்சத்துக்கான பத்திரம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து தஞ்சைக்குப் படையெடுத்தார். நாகூரைச் சூறையாடினார்; கீழ்வேளூர்க் கோயிலில் கண்ட அந்தணர்களை ஒற்றர்கள் என்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். தஞ்சைக் கோட்டை வீழவில்லை. வெடிமருந்து தீர்ந்துபோகும் நிலையில் ஆங்கிலேயக் கடற்படை காரைக்கால் பக்கம் வருவதாகச் செய்தி வந்ததும் முற்றுகையை விட்டுத் திரும்பினார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. அதே ஆண்டு ஏப்ரலில் காரைக்கால் போனது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. புதுச்சேரியின் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

ஒரு தேதியின் வேலை

இந்தச் சூழலில்தான் 11-ஆம் பிரிவு எழுதப்பட்டது. அதன் முதல் பகுதி தாராளமாகவே தோன்றும்: 1749-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரை, ஒரிசா, மலபார், வங்காளம் ஆகிய இடங்களில் பிரான்சுக்கு இருந்த பண்டகசாலைகள் அனைத்தையும் பிரிட்டன் திருப்பித் தரும். அடுத்த வாக்கியத்தில், அந்தத் தேதிக்குப் பிறகு சோழமண்டலக் கரையிலும் ஒரிசாவிலும் தான் ஈட்டியவற்றின்மீதான எல்லா உரிமையையும் பிரான்சு கைவிடுகிறது.

இந்தத் தேதியை எந்தப் போரும் தரவில்லை. இந்த உடன்படிக்கை முடித்துவைத்த ஏழாண்டுப் போர் தொடங்கியது 1756-இல். போருக்கு முந்தைய நிலைக்குத் திரும்புவதென்றால் அந்த ஆண்டைத்தான் வைத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியதன் மூலம், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே ஆம்பூருக்குப் பிறகு கட்டியெழுப்பிய அத்தனையும், அதாவது போரில் தோற்றதும் போருக்கு முன்பே கைக்கு வந்திருந்ததும் ஒரே வீச்சில் கழிக்கப்பட்டன. ஆண்டுக் கடைசியில் வாங்கிய 81 கிராமங்கள் உடன்படிக்கையின் சொற்படி உரிமைகோரலுக்கு வெளியே போயின. 1739-இல் பிடித்த காரைக்கால் உள்ளே நின்றது. துறைமுகம் கிடைத்தது, அதற்குச் சோறுபோடும் வயல்கள் கிடைக்கவில்லை.

தேவிக்கோட்டை என்ன ஆயிற்று? அதுவும் அதே 1749-இல், அதே தஞ்சை அரசரிடமிருந்து வாங்கியதுதான். ஆனால் தேதிக்குப் பிந்தைய ஈட்டங்களைக் கைவிடுவதாகப் பிரிவில் எழுதிக்கொடுத்தது பிரான்சு மட்டுமே. பிரிட்டனுக்கு அத்தகைய வாக்கியம் எதுவும் இல்லை. தேவிக்கோட்டை பேச்சிலேயே வரவில்லை. இருதரப்புக்கும் பொதுவான அளவுகோலாகத் தோன்றும் ஒரு தேதி ஒருபக்கம் மட்டும் வெட்டும் கத்தியாக எழுதப்பட்டிருப்பதைக் காண, கொள்ளிடத்தின் முகத்துவாரத்தையும் காரைக்காலில் கடல் சேரும் அரசலாற்றின் முகத்துவாரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

வங்காள நவாபின் ஆட்சிப்பகுதியில் கோட்டை கட்டுவதில்லை, படை வைப்பதில்லை என்றும் பிரான்சு ஒப்புக்கொண்டது. இத்தடை சோழமண்டலக் கரைக்குப் பொருந்தவில்லை. புதுச்சேரியை மீண்டும் அரண் செய்தார்கள்; 1778-இல் ஆங்கிலேயர் அதைப் பிடிக்க இரண்டு மாதத்துக்குமேல் முற்றுகையிட வேண்டியிருந்தது. இந்த அனுபவம் பின்னால் 1814-இல் பேசும்.

நவாபுக்குக் கிடைத்த சீட்டு

படுகைக்கு உண்மையான கேடு பிரிவின் கடைசிப் பகுதியில் இருந்தது. சோழமண்டலக் கரையில் வருங்கால அமைதியைக் காக்கும் பொருட்டு, முகமது அலியைக் கர்நாடகத்தின் (அன்று அது ஆற்காட்டுச் சீமையின் பெயர்) முறையான நவாபாகவும் சலாபத் ஜங்கைத் தக்காணத்தின் முறையான சுபேதாராகவும் (மாகாண ஆளுநராகவும்) இரு தரப்பும் ஏற்கின்றன என்று அது கூறியது. அன்வருதீனின் மகனான முகமது அலி ஆங்கிலேயரின் ஆள், சலாபத் ஜங் பிரெஞ்சுக்காரரின் ஆள். ஆளுக்கொருவர் என்று காகிதத்தில் தராசு நேராக நின்றது. ஆனால் சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762-ஆம் ஆண்டிலேயே பதவியிறக்கிச் சிறை வைத்திருந்தார். உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டு முடிவதற்குள் அவர் கொல்லப்பட்டார். பாரிஸுக்குச் செய்தி போய்ச் சேரப் பல மாதம் ஆகும் காலம் அது. பிரெஞ்சுத் தட்டில் சிறைக்கைதி ஒருவரும் ஆங்கிலத் தட்டில் உயிரோடு ஆளும் நவாப் ஒருவருமாகச் சமநிலை கண்டது அந்தப் பிரிவு. உடன்படிக்கை எழுதுகிறவர்கள் களநிலவரம் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

‘முறையான நவாப்’ என்ற சொல்லின் எடை தஞ்சைமீது இறங்கியது. தஞ்சை அரசர் நவாபுக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் செலுத்தி வந்தவர். ஆனால் நவாபின் குடிபடை அல்லர், தனி அரசர். 1762-இல்தான் மதராஸ் கவர்னர் பிகட்டின் நடுவாண்மையில் இருவருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது: பழைய பாக்கி 22 லட்சம், ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாய் தஞ்சை தர வேண்டும்; கம்பெனி உறுதி நிற்கும். தம்முடைய முத்திரையைப் பிகட் பிடுங்கித் தம் கையாலேயே காகிதத்தில் குத்திவிட்டார் என்று நவாப் பிற்பாடு புலம்பினார். வலுக்கட்டாயமாக வாங்கிய சமாதானம் நிலைக்காது என்பார்கள். இங்கே அதை முறிக்கக் காத்திருந்தவர் தொகை அதிகம் கேட்டுக் கிடைக்காத தரப்பு.

முதல் உரசல் தண்ணீரில் வந்தது. திருச்சிக்குக் கிழக்கே கோவிலடிப் பக்கம் காவிரியும் கொள்ளிடமும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நடுவிலுள்ள கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிப் பயனின்றிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமை காய்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்துக்கு முன் அந்தக் கரையைப் பழுது பார்ப்பது தஞ்சையின் உயிர்ப்பிரச்சினை. கரை நிற்கும் இடமோ நவாபின் திருச்சிச் சீமை. என் மண்ணில் உன் ஆள் மண்வெட்டி போடக் கூடாது என்று நவாப் தரப்பு நின்றது. 1764-இல் இந்தத் தகராறு முற்றி மதராஸ் அரசு தலையிட்டது. தஞ்சை அரசரே பழுது பார்க்கலாம் என்று கடைசியில் நவாபை இணங்கவைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் எழுதிய உடன்படிக்கை ரூபாய்க் கணக்கை அணா பிசகாமல் பேசியது. கரைக்கு மண்போடும் உரிமையைத் தீர்த்துவைக்கவில்லை. படுகைக்காரர் எழுதியிருந்தால் முதல் பிரிவே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

1770-இல் பிரிட்டிஷ் மன்னரின் தூதராக ஜான் லிண்ட்சே மதராஸ் வந்தார். 11-ஆம் பிரிவு நிறைவேறுவதைக் கவனிப்பது அவருடைய பணிகளுள் ஒன்று. கம்பெனிக்குக் கீழ்ப்பட்டவராக நடத்தப்பட்டு வந்த நவாபுக்கு, மன்னரே நேரடியாகத் தம்முடன் பேசுகிறார் என்ற மதிப்பு ஏறியது. மறு ஆண்டே நவாபின் மகனும் கம்பெனிப் படையும் தஞ்சையை முற்றுகையிட்டார்கள். கோட்டைச் சுவரில் உடைப்பு விழுந்திருந்த வேளையில் கம்பெனியைக் கேட்காமலேயே நவாபின் மகன் தஞ்சை அரசர் துளஜாஜியுடன் சமாதானம் செய்துகொண்டார்: பாக்கி 8 லட்சம், படைச்செலவு 32½ லட்சம், வல்லம் கோட்டை, கோவிலடி. கரை இருக்கும் கோவிலடியையே கொடுத்தபின் தஞ்சைக்கு மிஞ்சியது என்ன? 1773 செப்டம்பரில் முகமது அலி தஞ்சையை முழுதாகவே எடுத்துக்கொண்டு துளஜாஜியைச் சிறைவைத்தார்.

மீண்டும் கவர்னராக வந்திருந்த பிகட், கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி 1776 ஏப்ரலில் துளஜாஜிக்கு நாட்டைத் திருப்பித் தந்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் கையை நீட்டினார்: நவாப் தமக்குத் தர வேண்டிய 1,62,000 பவுனுக்குத் தஞ்சை வருவாய் அடமானம், குடியானவர்களுக்கு முன்பணமாகக் கொடுத்த 72,000 பவுனுக்கு வயலில் நிற்கும் நெல் அடமானம். அறுவடையாகாத கதிர்மேல் ஒரு வெள்ளைக்கார ஊழியர் பற்று வைத்திருந்தார். இந்தத் தகராறில் ஆகஸ்டு மாதம் பிகட்டையே அவருடைய சபை உறுப்பினர்கள் கைதுசெய்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். தஞ்சை அரசர் கோட்டைக்குள் கம்பெனிப் படையை ஏற்று, அதன் செலவையும் சுமந்தார். 1799-இல் இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெறும் நிலைக்கு வந்தார்.

இவ்வளவும் நடந்த காலத்தில், 1778 வரை, சோழமண்டலக் கரையில் பிரிட்டனும் பிரான்சும் ஒருவரையொருவர் சுடவில்லை. பகைவர் இருவருக்கிடையே அமைதியைக் காப்பது என்ற தன் கடமையை 11-ஆம் பிரிவு 15 ஆண்டுகள் செய்தது. அந்த அமைதிக்குரிய விலை தஞ்சையில் வசூலானது.

நான்கு மாகாணங்கள், ஒரு நாகப்பட்டினம்

அமெரிக்கப் போரில் பிரிட்டன் தோற்றபின் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1783-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு புதுச்சேரியையும் காரைக்காலையும் திருப்பித் தந்ததோடு நில்லாமல், புதுச்சேரிக்கு வில்லியனூர், பாகூர் பக்கத்து இரு மாவட்டங்களையும், காரைக்காலுக்கு அதை ஒட்டிய நான்கு மாகாணங்களையும் பிரிட்டன் வாங்கித் தரும் என்றது. பிரெஞ்சு மூலத்தில் ‘மகான்’ என்றே எழுதியிருக்கிறார்கள். நம் தஞ்சாவூர் வருவாய்க் கணக்கில் சில கிராமங்களைச் சேர்த்துச் சொல்லும் ‘மாகாணம்’ என்ற சொல்தான் அது. ஒரு கர்ணம் தன் ஓலையில் எழுதிய சொல் ஐரோப்பிய அரசர்களின் உடன்படிக்கைக்குள் புகுந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் ஏற்படுவதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ‘வாங்கித் தரும்’ என்ற வினையைக் கவனியுங்கள். அந்த நிலம் பிரிட்டனுடையதன்று. துளஜாஜியின் நிலத்தை வைத்துப் பிரிட்டன் பிரான்சைச் சமாதானம் செய்தது. 1763-இல் தேதியால் வெட்டிய துறைமுகத்துக்கு 1783-இல் கொஞ்சம் வயல் திரும்பியது. இன்றைய காரைக்கால் பகுதியின் வடிவத்துக்கு அடிப்படை அது.

அதே போரில் நாகப்பட்டினத்துக்கு நேர்ந்ததை ஒப்பிட்டால் தராசின் இயல்பு தெளிவாகும். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினம், 1690 முதல் அவர்களுடைய சோழமண்டலத் தலைமையிடம். 1781 நவம்பரில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். 1784 மே மாத உடன்படிக்கையில் டச்சுக்காரர் அதை விட்டுக்கொடுத்தனர். ஈடாக ஏதேனும் தர முன்வந்தால் திருப்பித் தருவதுபற்றிப் பேசலாம் என்று ஒரு வரி ஆறுதலுக்குச் சேர்க்கப்பட்டது. ஈடு வைக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. திருகோணமலை மட்டும் அவர்களுக்குத் திரும்பியது. அதைப் பிடித்து வைத்திருந்தது பிரெஞ்சுக் கடற்படை. அடுத்தடுத்த இரண்டு துறைமுகங்கள், சுமார் 20 கிலோமீட்டர் இடைவெளி. மறுதட்டில் வைக்கக் கல் இருந்த நாட்டுக்குக் காரைக்கால் கிடைத்தது, இல்லாத நாடு நாகப்பட்டினத்தை இழந்தது. தரங்கம்பாடியும் நெப்போலியன் போரில் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1814-ஆம் ஆண்டு கீல் உடன்படிக்கையால் டென்மார்க்குக்குத் திரும்பியது. வைத்துக்கொள்ள இயலாமல் 1845-இல் வங்கத்து ஸ்ரீராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்.

கோட்டையும் இல்லை, உப்பும் இல்லை

1793-இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமான காரைக்கால், 1814-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையால் மீண்டும் பிரான்சுக்கு வந்தது, கைமாறியது 1817-இல். இம்முறை வங்காளத்துக்கு மட்டும் இருந்த பழைய தடையை 12-ஆம் பிரிவு இந்தியா முழுவதற்கும் நீட்டியது: திருப்பிப் பெறும் குடியேற்றங்களில் பிரான்சு அரண் எதுவும் கட்டாது, காவல் பணிக்குத் தேவையான அளவு மட்டும் ஆள் வைக்கும். 1778-இல் புதுச்சேரி கொடுத்த தொல்லை மறக்கப்படவில்லை.

அதைவிட நுட்பமானது 1815 மார்ச் 7 அன்று லண்டனில் செய்த உப்பு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மீதியை வாங்கும் தனியுரிமையைப் பிரான்சு ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். ஆங்கிலப் பகுதியில் உப்பு அரசின் ஏகபோகம். வாஞ்சூர் மாதிரியான எல்லையில் மலிவான உப்பு இரவோடிரவாகத் தலைச்சுமையில் கடந்தால் அந்த ஏகபோகம் ஓட்டைப் பானையாகிவிடும். தோற்ற எதிரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி அவன் வாயை அடைப்பது வென்றவருக்கு லாபமாக இருந்தது; பணம் வாங்கும் பழக்கம் வந்தவனுக்குச் சண்டையால் நட்டம். படை வைத்து அடக்குவதைவிட இது மலிவு என்று மதராஸ் கணக்குப்பிள்ளைகள் நன்றாகவே கணித்திருந்தார்கள். 1763-இன் தேதியும் நவாபின் பட்டமும் சாதிக்காத நிலைத்தன்மையை இந்தக் கோட்டைத் தடையும் உப்புப் பணமும் சாதித்தன. அதற்குப் பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் காரைக்காலுக்காகப் போரிடவில்லை.

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தான விட்டுக்கொடுப்பு ஒப்பந்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்து 1962 ஆகஸ்டு 16 அன்று நடைமுறைக்கு வந்தது. தஞ்சை மாவட்டத்தோடு அது சேரவில்லை. புதுச்சேரியின் பகுதியாகவே நீடித்தது. ஆகவே காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தீர்ப்பளித்தபோது கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகியவற்றுடன் புதுச்சேரி நான்காம் தரப்பாக நின்றது. அதற்கு 7 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு, கர்நாடகம் ஆகியவற்றின் பங்குகளில் கைவைத்தபோதும் இந்த 7 மாறவில்லை. அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் கடலை நெருங்கும் அந்தக் கடைமடையில், மேட்டூர் திறந்து பல நாள் கழித்து வந்து சேரும் தண்ணீரை இரு பக்கத்து அதிகாரிகளும் எல்லைக்கு அருகில் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். எந்த வயல் எந்தக் கணக்கில் சேரும் என்பதற்கான எல்லைக்கோட்டை, 1749-ஐத் தேதியாகப் போட்டவர்களும் நான்கு மாகாணங்களைக் கேட்டு வாங்கியவர்களும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.